பன்னிரண்டாவது வரிக்கு மூன்று மார்க்

ரேடியோ இப்போது ஒரு வாடிக்கையாளர் சேவை மையத்தில் போன் எடுக்கிறான். பில் ஏன் கூடியது, இணைப்பு ஏன் வரவில்லை என்று கத்துகிறவர்களிடம் "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று சொல்வது வேலை. இருபது வயதில் அவன் அப்பா யார் யார் காலையோ பிடித்து வாங்கிக் கொடுத்த வேலையும் இதேதான். அன்றைக்கு வேண்டாம் என்று உதறிவிட்டு வந்தவனைப் பதினெட்டு வருடம் கழித்து அதே நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. பங்கு என்ன பங்கு, முக்கால்வாசி என் கைங்கரியம்தான்.

ரேடியோ என்ற பெயரை அவனுக்கு நாங்கள் வைக்கவில்லை. நானும் அவனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், அடுத்தடுத்த மேசை. அவன் ஹெட்போனிலிருந்து கசிந்த சத்தத்தைக் கேட்டுவிட்டு எதிர் வரிசைக்காரர் ஒருவர், "என்ன தம்பி, ஸ்டேஷன் சரியா கிடைக்கலையா?" என்றார். "ஸ்டேஷன் எப்பவோ கிடைச்சிடுச்சு சார், வேலைதான் இன்னைக்குக் கிடைச்சிருக்கு" என்றான் இவன். அப்புறம் தன்னை எல்லாருக்கும் ரேடியோ என்றே அறிமுகம் செய்துகொண்டான். குருடன் என்று முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொள்வதற்கு முன்னால் முகத்துக்கு நேராக ஒரு பெயரைக் கொடுத்துவிட்டான். கெட்டிக்காரன்.

அந்தச் சத்தம் ஸ்கிரீன் ரீடருடையது. திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள். அதை அவன் வைத்திருந்த வேகம் இருக்கிறதே, கடுகு பொரிவதுபோல இருக்கும். ஒரு தடவை ஹெட்போனை வாங்கி மாட்டிப் பார்த்தேன். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. "கொஞ்சம் மெதுவா வையேன்டா" என்றேன். "யாருக்காகவும் மெதுவா வைக்கறதில்ல. வேணும்னா நீ வேகமா கேட்டுப் பழகு" என்றான்.

பதினான்கு வயதில் அவனுக்குப் பார்வை மங்க ஆரம்பித்திருக்கிறது. கரும்பலகை போயிற்று, பிறகு பேருந்தின் எண், பிறகு எதிரில் வருகிறவர்களின் முகம். கல்லூரி இரண்டாம் ஆண்டில் மிச்சமிருந்ததும் போயிற்று. அப்பா லாரி ஓட்டுகிறவர். மகனுக்குப் போன் எடுக்கும் வேலை கிடைத்ததும் நிம்மதியாக மூச்சு விட்டிருக்கிறார். இவன் அந்த நிம்மதியில் மண்ணைப் போட்டான். பழைய கணினி ஒன்றை வாங்கிக் காதால் கேட்டுக் கேட்டே நிரல் எழுதக் கற்றான். அப்பா ஏழு மாதம் பேசவில்லை. படிப்பு முடிந்து நான்கு வருடத்தில் பதினொரு நேர்முகத் தேர்வு. ஒரு இடத்தில் வெள்ளைப் பலகையைக் காட்டி, "விடையை அதுல எழுதுங்க" என்றார்களாம். மார்க்கரை வாங்கி, பலகை எந்தப் பக்கம் என்று தெரியாமல், காற்றில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்திருக்கிறான். இதைச் சொல்லிச் சிரிப்பான். அவன் சிரித்து முடிக்கும்வரை நாங்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்போம்.

பன்னிரண்டாவது இடம் எங்கள் நிறுவனம். அப்போது இங்கே பதினாறு பேர்தான். முதலாளி அவனிடம் கேள்வி எதுவும் கேட்கவில்லை. இரண்டு பேர் நான்கு நாளாக முட்டிக்கொண்டிருந்த ஒரு பிழையைக் கொடுத்து, "இதைப் பாருங்க" என்றார். இருபது நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டான். 1 என்ற எண் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ l என்ற ஆங்கிலச் சிறிய எழுத்தைத் தட்டியிருந்தார்கள். "உங்க கண்ணுக்கு ரெண்டும் ஒரே குச்சி. எனக்கு வேற வேற சத்தம்" என்றான். அன்று மாலையே வேலைக்கான கடிதம் கையில்.

அதற்குப் பிறகுதான் அவனுக்கு வாழ்க்கை என்று ஒன்று அமைந்தது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி அவனைக் கட்டிக்கொண்டாள். ஒரு மகள் பிறந்தாள். அலுவலகத்திலிருந்து அறுநூற்று நாற்பது அடியில் மாடி வீடு ஒன்று பிடித்தான். வாடகை அதிகம், தண்ணீர் ஒழுங்காக ஏறாது, ஆனால் சாலையைக் கடக்க வேண்டாம். சாலையைக் கடப்பதென்றால் யாராவது கையைப் பிடிக்க வேண்டும். அவனுக்கு அது பிடிக்காது. ஒருநாள் தேநீர் குடிக்கும்போது சொன்னான்: "காலையில சட்டை என்ன கலர்னு கேக்கணும். லிஃப்ட்ல எந்த மாடின்னு கேக்கணும். கடைக்காரன் குடுத்த நோட்டு எவ்வளவுன்னு கேக்கணும். எடிட்டரைத் திறந்துட்டா எட்டு மணி நேரம் யாரையும் எதுவும் கேக்க வேணாம்டா. எனக்குன்னு இருக்கிற ஒரே இடம் அதுதான்."

இதை அவன் என்னிடம் சொன்னான். வேறு யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை.

நான் எப்படிப்பட்டவன் என்றும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பட்டியல் போடப் பிடிக்கும். வீட்டில் மளிகைக்குக்கூட வரிசை எண் போட்டு எழுதுவேன், என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். அலுவலகத்தில் எதை ஒப்பிட வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குப் பெருமை வேறு.

இரண்டு வருடம் முன்பு எங்கள் நிறுவனத்தை இன்னொன்று வாங்கியது. பழைய முதலாளி போனார், மேலாளர் ஒருவர் வந்தார். பதினாறு பேர் பெருகி நாற்பத்தாறு ஆனோம். எங்களிடம் ஒரு ஐடிஇ, அவர்களிடம் இன்னொன்று. ஐடிஇ என்றால் நிரலை எழுதுவது, ஓட்டிப் பார்ப்பது, பிழை பிடிப்பது எல்லாவற்றையும் ஒரே ஜன்னலுக்குள் தரும் மென்பொருள். ரேடியோ எடிட்டர் என்று சொன்னது அதைத்தான். எங்களுடையது பழையது, பார்க்க அழகில்லை. அவர்களுடையது புதியது, கறுப்புத் திரையில் வண்ண வண்ணமாக மின்னும். இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரே நிரலில் வேலை செய்ய முடியவில்லை. நாங்கள் சேமித்த கோப்பை அவர்கள் திறந்தால் அவர்கள் கருவி வரிகளையெல்லாம் தன் இஷ்டத்துக்குத் தள்ளி வைக்கும். ஒரு எழுத்து மாற்றியதற்கு இரண்டாயிரம் வரி மாறியதாகக் காட்டும். அப்புறம் சண்டை. படித்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள், ஒரு வரியின் முன்னால் நாலு இடைவெளியா இரண்டா என்பதற்காக ஒருவரோடொருவர் மூன்று வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"எல்லாருக்கும் ஒண்ணுதான். எதுன்னு முடிவு பண்ணுங்க. மார்க் போட்டு வாங்க" என்றார் மேலாளர். மார்க் என்றதும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

பதினைந்து வரி வைத்து, எல்லாரும் அவரவர் கணினியில் திறந்து எழுதும்படி ஒரு ஷீட் போட்டேன். திறக்கும் வேகம், தேடும் வசதி, பிழை பிடிக்கும் வசதி, விலை, புதியவர்கள் கற்க ஆகும் நாள் என்று போகும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு எடை, எல்லா எடையும் சேர்ந்து நூறு. இரண்டு கருவிக்கும் வரிக்கு ஐந்து வரை மார்க், அதை எடையால் பெருக்கிக் கூட்ட வேண்டும். எல்லாரும் மூன்று வாரம் இரண்டையும் பயன்படுத்திப் பார்த்துச் சொல்வதாக ஏற்பாடு.

ரேடியோ ஒரே ஒரு வரி கேட்டான். "ஸ்கிரீன் ரீடர் வேலை செய்யுதான்னு ஒண்ணு போடுடா." பன்னிரண்டாவது வரியாகப் போட்டேன், எடை ஐந்து. "அஞ்சுதானா?" என்றான். "நாப்பத்தாறு பேர்ல ஒருத்தன்டா நீ. கணக்குப்படி ரெண்டுதான் வரும். உனக்காக அஞ்சு" என்றேன். தாராள மனசு எனக்கு.

சோதனை தொடங்கிய இரண்டாம் நாள் அவன் மாமனார் இறந்துபோனார். மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போனவன் திரும்ப நான்கு வாரம் ஆயிற்று. போகும்போது சொன்னான்: "புதுசை நான் இன்னும் தொட்டே பாக்கல. என் வரியைக் காலியா விட்டு வை. வந்து நானே போடறேன்." விட்டு வைத்தேன். கடைசி நாள் வரை காலியாகத்தான் இருந்தது.

கடைசி நாள் நான்கு மணிக்குக் கூட்டம். மேலாளர் மொத்தத்தைத் திரையில் காட்டச் சொன்னார். மூன்றரைக்கு ஷீட்டைத் திறந்தால் மொத்தம் வரவேண்டிய இடத்தில் இரண்டு பக்கமும் சிவப்பாகப் பிழை என்று காட்டுகிறது. எந்த வரியும் விடுபடக் கூடாது என்று நானே வைத்த சூத்திரம் அது. ஒரு கட்டம் காலியாக இருந்தால் கூட்டாது. எதையாவது நிரப்ப வேண்டும். எங்கள் தொழிலில் தெரியாத இடத்தில் எதையாவது போட்டு ஓட விடுவது ஒன்றும் புதிதல்ல. அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்று போடுவோம், அப்புறம் என்பது வராது. இரண்டு பக்கமும் மூன்று போட்டேன். நடுவில் இருக்கும் எண், யாருக்கும் பாதகமில்லை என்று தோன்றியது. சிவப்பு மறைந்து மொத்தம் வந்தது. புதியதற்கு 371, பழையதற்கு 358.

"இவ்வளவு சுத்தமா ஒரு முடிவை நான் பாத்ததில்ல" என்றார் மேலாளர். எல்லாரும் கைதட்டினார்கள். மூன்று பற்றி அப்போதே சொல்லியிருக்கலாம். கைதட்டல் நிற்கட்டும் என்று காத்திருந்தேன். நின்றதும் அவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அந்த வாரமே என்னைக் கருவிகளுக்கான பொறுப்பாளர் ஆக்கினார்கள். புது அடையாள அட்டை, ஜன்னலோர மேசை.

ரேடியோ வருவதற்குள் எல்லாம் மாறியிருந்தது. பழையது அனுமதி இல்லாத மென்பொருள் பட்டியலில் போய், ஒரு திங்கட்கிழமை எல்லாக் கணினியிலிருந்தும் தானாக அழிந்தது. அவன் தடியை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தான், ஹெட்போனை மாட்டினான், புதியதைத் திறந்தான். அது தன் எழுத்தையெல்லாம் படம்போலத் தானே வரைந்துகொள்ளும் ரகம். ஸ்கிரீன் ரீடருக்கு அங்கே படிக்க எதுவும் இல்லை. மேலே போனாலும், கீழே போனாலும், எந்த விசையைத் தட்டினாலும் அந்த ஜன்னல் சட்டத்தின் பெயர் மட்டும், ஒரே ஒரு சொல்: "பலகம்." ஹெட்போனைக் கழற்றி ஸ்பீக்கரில் போட்டான். "பலகம். பலகம். பலகம்." எங்கள் வரிசையில் யாரும் நிமிரவில்லை.

"என் வரிக்கு எவ்வளவு மார்க்டா போட்டீங்க?"

"மூணு."

"யார் சோதிச்சா?"

"கம்பெனிக்காரங்க குடுத்த விவரத்தை வச்சுப் போட்டது" என்றேன். பொய் அவ்வளவு சரளமாக வரும் என்று எனக்கே அதுவரை தெரியாது.

அன்று மத்தியானம் தனியாக உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பழையதற்கு ஐந்து, புதியதற்குப் பூஜ்யம் என்று உண்மையைப் போட்டால் பழையது 368, புதியது 356. முடிவே தலைகீழ். தாளைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டேன். குப்பைத் தொட்டியில் போடக்கூடப் பயம்.

ஒரு ஞாயிறு காலை அவன் வீட்டுக்குப் போனேன். படியேறும்போதே அவன் மனைவியின் குரல் கேட்டது. புதிய கருவியைத் திறந்து வைத்து, பள்ளிப் பாடம்போல ஒவ்வொரு எழுத்தாக வாசித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நிரலும் தெரியாது, அடைப்புக்குறிகளின் பெயரும் தெரியாது. வளைந்த அடைப்புக்குறிக்கு மீசை என்று பெயர் வைத்திருந்தாள். "மீசை திறக்குது. அடுத்த வரி, கொஞ்சம் தள்ளி இருக்குங்க." "எவ்வளவு தள்ளி?" "தெரியலைங்க, ஒரு விரக்கடை." மகள் பக்கத்தில் உட்கார்ந்து, "மீசை மூடுது" என்று கைகொட்டினாள். அவன் சிரிக்கவில்லை.

எனக்குத் தண்ணீர் கொண்டு வந்தவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அண்ணா, எட்டு நாளா இப்படித்தான். ஆபீஸ்ல முடியாததை வீட்டுக்குக் கொண்டு வர்றார். கேக்கும்போது அவர் முகத்தைப் பாக்க முடியல. நீங்கதானே இப்ப இதுக்கெல்லாம் பொறுப்பு? சொல்லக் கூடாதா?"

"சொல்றேன்மா" என்றேன். அவள் முகம் தெளிந்ததைப் பார்த்துவிட்டு, அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

ரேடியோ முறையாக எழுதிக் கேட்டான், முடிவை மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்று. கூட்டம் வைத்தார்கள். மேலாளர், ரேடியோ, நான், பணியாளர் துறைப் பெண்மணி, நாலே பேர். புதிய கருவிக்காரர்கள் அடுத்த பதிப்பில் சரிசெய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றார் பெண்மணி. அந்த அடுத்த பதிப்பு இன்றுவரை வரவில்லை. படித்துச் சொல்லப் பக்கத்தில் ஒருவரை உட்கார வைக்கலாம் என்றார். ரேடியோ வேண்டாம் என்றான்.

"உங்க கஷ்டம் புரியுது" என்றார் மேலாளர். "ஆனா இந்த விஷயத்தை நாங்க பாக்காம விடல. பன்னிரண்டாவது வரியில இருக்கு பாருங்க, மூணு மார்க் வாங்கியிருக்கு." என் பக்கம் திரும்பினார். "சோதிச்சுத்தானே போட்டீங்க?"

ரேடியோவும் என் பக்கம் முகத்தைத் திருப்பினான். பார்வையில்லாதவன் ஒருவனின் முகத்தை நேருக்கு நேர் பார்க்க முடியாமல் நான் மேசையைப் பார்த்தேன். இல்லை சார், நான் சும்மா போட்ட எண் அது, மொத்தமே தப்பு. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஜன்னலோர மேசை நினைவுக்கு வந்தது. அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது.

"ஆமா சார்" என்றேன்.

ரேடியோ தலையை மெல்ல ஆட்டினான்.

அவனை உதவிக் குறிப்பு எழுதும் பிரிவுக்கு மாற்றினார்கள். எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்று எழுதும் வேலை. பொத்தான் எங்கே இருக்கிறது என்று தினமும் பத்துப் பேரைக் கேட்டான். அதே மாதம் வரவேற்பறையில் அவன் போட்டோவைப் பெரிதாக மாட்டி, கீழே 'எல்லோருக்கும் இங்கே இடமுண்டு' என்று எழுதினார்கள். வெட்கம் கெட்டவர்கள். "போட்டோல நான் எப்படி இருக்கேன்?" என்று என்னிடம் கேட்டான். "சிரிச்சிட்டு இருக்க" என்றேன். "பழைய போட்டோவா இருக்கும்" என்றான். ஐந்தாவது மாதம் ராஜினாமா கொடுத்தான். அந்த வயதில், அந்தக் கண்ணோடு, பதினொரு நேர்முகத்தை மறுபடி தொடங்கத் தெம்பில்லை என்று சேவை மையத்தில் சேர்ந்துவிட்டான். அப்பா பிடித்துக் கொடுத்ததைவிட நாற்காலி மட்டும் நல்லது என்றான்.

கடைசி நாள் பிற்பகல் என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டான். சாமானெல்லாம் ஒரு பெட்டியில் அடங்கியிருந்தது. கணினி மட்டும் திறந்திருந்தது.

"இதை ஒரு தடவை கேளு" என்று கணினியிலிருந்து ஹெட்போன் வயரைப் பிடுங்கினான். ஸ்பீக்கரில் வழக்கமான கடுகுப் பொரியல்.

"உன் ரேடியோ எனக்கு என்னைக்குடா புரிஞ்சிருக்கு?" என்று சிரித்தேன்.

அவன் ஒரு விசையைத் தட்டத் தொடங்கினான். ஒவ்வொரு தட்டலுக்கும் குரல் ஒரு படி வேகம் குறைந்தது. யாருக்காகவும் மெதுவாக வைக்காதவன் தட்டிக்கொண்டே இருந்தான். கடைசியில் அது ஒரு பெண் குரலாயிற்று, நிதானமான, தெளிவான குரல். பதின்மூன்று வருடத்தில் முதல் தடவையாக எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

"வரி பன்னிரண்டு. ஸ்கிரீன் ரீடர். மதிப்பு, மூன்று. முந்தைய மதிப்பு, காலி. மாற்றியவர்" என்று சொல்லி, என் பெயரை முழுதாகச் சொன்னது. "நேரம், பிற்பகல் மூன்று ஐம்பத்தெட்டு."

ஷீட்டில் எந்தக் கட்டத்தை யார் எப்போது மாற்றினார் என்பது பதிவாகும். ஷீட்டை ஸ்கிரீன் ரீடர் அழகாகப் படிக்கும். இரண்டும் எனக்குத் தெரிந்தவைதான்.

"எப்பக் கேட்ட இதை?" என்றேன்.

"அந்த நாலு பேர் கூட்டத்துக்கு முந்தின நாள்."

"அப்ப ஏன்டா அங்க சொல்லல?"

"நான் சொன்னா, முடியாதவன் புலம்பறான்னு போயிடும். போட்டவனே சொன்னாத்தான் ஷீட் தப்புன்னு ஆகும்." பெட்டியின் மூடியைத் தடவி மூடினான். "நீ சொல்லிடுவேன்னு இருந்தேன்டா. அவர் உன்னைக் கேட்டதும், அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு."

அந்த விசையை மறுபடி தட்டினான், படிப்படியாக வேகத்தைப் பழையபடி ஏற்றினான். குரல் என் பெயரை இன்னொரு தடவை சொல்லியிருக்கும். எனக்கு எதுவும் புரியவில்லை.